உன் கைக்கு வராத அட்டை

ஜோயல்,

ஸ்தோத்திரம் சொல்லிக் கடிதம் தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இன்று அது எனக்கு வரவில்லை. உன் மேல் அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்டவர் பெயரை எழுத மனமில்லை, கடைசியில் வந்தால் எழுதுகிறேன். போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் "ஜெபத்துல வச்சிருக்கேம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த வார்த்தைக்கு மேல் ஒரு தாய் என்ன பேச முடியும். ஜெபம் பண்ணாதே என்றா சொல்ல முடியும். கடிதத்தை நீ பாதியில் மடித்துப் போட்டாலும் கண்டமங்கலத்து ரூமில் உன் கட்டில் மேல்தான் கிடக்கும், திரும்பவும் எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும். முழுவதும் படி. நடுவில் நான் ஒன்று சொல்லப் போகிறேன். அதைப் படித்துவிட்டு என் மேல் நீ கோபப்படலாம். அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு.

திங்கட்கிழமை எஸ்தர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். இரண்டு வருஷமாக நீ பேசிக்கொண்டிருக்கும் பெண், இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லி ஆசீர்வாதம் வாங்கின பெண், விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் தன் டியூட்டியை இன்னொரு நர்சிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, வளவனூரிலிருந்து பஸ் மேல் பஸ் மாறி, பிரம்மதேசம் தாண்டி என் சத்துணவுக் கூடம் வரைக்கும் வருகிறாள் என்றால் எவ்வளவு யோசித்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். மதிய பெல் அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சமையலம்மா சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள், நான் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் முட்டை உரிக்க ஆரம்பித்தாள். பத்துப் பன்னிரண்டு முட்டை உரித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, மஸ்கட் வேலைக்கு வர்றனா இல்லியான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். அவரக் கேட்டா அடுத்த ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோன்றாரு."

"ஜனவரியில இன்னா?"

"புது வருஷத்துக்குக் கோயில்ல வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பாராம். இந்த வருஷம் எடுத்த அட்டை தெளிவா இல்லியாம்."

எனக்குக் கையில் இருந்த முட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

"வேணாம்னு சொல்லிட்டாகூட பரவால்ல ஆன்ட்டி. கல்யாணம் பண்ணிக்கினு நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்கன்னேன். இல்லன்னா வேலையே வேணாம், இங்கியே இருக்கலாம்னேன். எதுக்கும் பதில் இல்ல. இயேசப்பா பேசறதுக்காகக் காத்துக்கினு இருக்கேன்றாரு. ரெண்டு வருஷமா நான் பேசிக்கினு இருக்கேன், அது அவரு காதுல விழல."

பெல் அடித்துவிட்டது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள். எஸ்தர் எழுந்து ஆளுக்கொரு முட்டையாக வைத்துக்கொண்டே வந்தாள். வைத்து முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "நான் சொன்னேன்னு அவருகிட்ட கோச்சுக்காதீங்க ஆன்ட்டி" என்று சொல்லி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "அந்த அக்கா யாரு டீச்சர்?" என்று கேட்டாள். மருமகள் என்று சொல்வதா, தெரிந்த பெண் என்று சொல்வதா. ஒழுங்காகச் சாப்பிடு என்று அந்தக் குழந்தையை அதட்டினேன். உன் மேல் இருந்த கோபத்தை அது வாங்கிக்கொண்டது.

நீ என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஜோயல்? உனக்கு இருபத்தொன்பது வயது. புதுச்சேரி கம்பெனியில் இத்தனை மிஷின் உன் பொறுப்பில் ஓடுகிறது, ஒரு மிஷின் நின்றுபோனால் எந்த நட்டைக் கழற்ற வேண்டும் என்று யாரையும் கேட்காமல் கழற்றுகிறாய். ஆனால் உன் வாழ்க்கையில் ஒரு நட்டைக் கழற்றவும் உனக்கு வானத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. பைக் வாங்கும்போது கருப்பா நீலமா என்று மூன்று வாரம் ஜெபித்தாய். கடைக்காரர் கடைசியில், "தம்பி, ஸ்டாக்ல கருப்பு மட்டும்தான் கீது" என்று சொன்னதும் அதையே தேவ சித்தம் என்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாய். அன்று நான் சிரித்தேன். போன வருஷம் சூப்பர்வைசர் வேலை உன்னைத் தேடி வந்தபோது, முதலில் விழுப்புரம் பஸ் வந்தால் சரி, பாண்டி பஸ் வந்தால் வேண்டாம் என்று ரோட்டோரத்தில் நின்றதாக நீயே சொன்னாய். பாண்டி பஸ் வந்தது. வேலை வேறொருவனுக்குப் போனது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவர் உலகத்தைப் படைத்தார் என்று நம்புகிறேன், பஸ்ஸுக்கு டைம் போடுகிறார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படி உன்னைத் திட்டிக்கொண்டே இரண்டு பக்கம் எழுதிவிடுவேன், எனக்கு அது சுலபம். ஆனால் திங்கட்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். அவர் கால் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "அவனுக்கு இத யாரு கத்துக் குடுத்தது மே?"

கற்றுக்கொடுத்தவள் நான். உனக்கு எட்டு வயது. உன்னைத் தமிழ்ப் பள்ளியிலேயே விடுவதா, இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றுவதா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. ஒரு நாள் காலையில் உன்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்தேன். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று வெறும் பெயர்களாக இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். எந்த மிருகத்தைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று வந்தது. மூன்றாவது தடவை திறந்ததில் பிள்ளைகளுக்குப் போதிப்பதைப் பற்றி ஒரு வசனம் இருந்தது. "பாத்தியா, இயேசப்பா பேசிட்டாரு" என்று உன்னைக் கட்டிக்கொண்டேன். நான் மனதில் ஏற்கெனவே முடிவு செய்திருந்த பள்ளியில் உன்னைச் சேர்த்தேன். முதல் இரண்டு தடவை அவர் என்ன பேசினார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் அதிகம், ஜோயல். எதையாவது முடிவு செய்து அது தப்பாகப் போய்விட்டால் ஊர் என்னைக் கை காட்டும் என்ற பயம். வசனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு எப்படியோ புரிந்திருந்தது. ஆண்டவரை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆண்டவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சபையில் என்னை விசுவாசமுள்ள சகோதரி என்று சொன்னார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கப்பா அப்படி இல்லை. நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில், அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாப்பா, போலாம்" என்பார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் எட்டிப் பார்ப்பேன். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். நாலைந்து நாள் கழித்துக் கேட்டபோது கூச்சப்பட்டுக்கொண்டு, "இயேசப்பாவதான்" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார், எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று பாதையை மாற்றி விடுகிற வேலை. அதில் ஒரு நாளும் அவர் அடையாளம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆர்டரைப் படிப்பார், கண்ணால் பார்ப்பார், பிறகு கையை வைப்பார். எனக்கு அது பக்தியாகவே தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு ஆவிக்குரிய தாகம் இல்லையே என்று சபைப் பெண்கள் சங்கத்தில் குறைப்பட்டிருக்கிறேன்.

அவருடைய கால் விஷயத்தையும் உன்னிடம் நான் சரியாகச் சொல்லவில்லை. காலில் புண் வந்தது, சர்க்கரையால் திடீரென்று முற்றிவிட்டது, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றுதானே உனக்குச் சொன்னேன். திடீரென்று முற்றவில்லை. ஒன்பது நாள் ஆனது. அந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் சுகம் தருவதைப் பற்றிய வசனம் இருந்தது. அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று அவரைத் தடுத்தேன். தினமும் எண்ணெய் பூசி ஜெபித்தேன். பத்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்து புத்தி தடுமாறின பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். அவசரத்தில் வேதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். டாக்டர் பேப்பரை நீட்டி, "விரல எடுத்தாதான் கால் மிஞ்சும், கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். திறந்து பார்க்கப் புத்தகம் இல்லை. விரல் வைக்க வசனம் இல்லை. உனக்குப் போன் போட்டேன், நீ மிஷின் சத்தத்தில் எடுக்கவில்லை. அந்த வராந்தாவில் நின்றுகொண்டு, "இயேசுவே, எனக்கு ஒண்ணும் தெரியல, கூட நில்லு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் தனியாக இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆண்டவரை நான் நம்பினது அந்த ஒரு நிமிஷம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் வேறு என்னவோ.

மயக்கம் தெளிந்ததும் உங்கப்பா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். நான் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டு, ஆண்டவர் இப்படிக் கைவிட்டுவிட்டாரே என்று சொன்னேன். அவருக்குப் பேசவே தெம்பில்லை. இருந்தும் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னு அவரு எப்ப மே சொன்னாரு? நீதான சொல்லிக்கினு இருந்த." அதோடு சரி. இன்று வரைக்கும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புது மாதிரிச் செருப்பு வாங்கி, ஆபீசில் கொடுத்த லேசான வேலைக்கு முதல் நாள் கிளம்பும்போது, வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பழையபடியே, "வாப்பா, போலாம்" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எத்தனையோ வருஷமாக இதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், இந்தக் கடிதத்திலும் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம். கப்பலில் எஞ்சின் வேலைக்கான படிப்பு சென்னையில் இருக்கிறது என்று எங்கேயோ விசாரித்து, விண்ணப்பத்தை வாங்கி, பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தாய். எனக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே பிள்ளை, கடலில் மாதக்கணக்கில் இருக்கப் போகிறான் என்றால் எந்தத் தாய்க்கு இறங்கும். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நீயும் சண்டை போட்டிருப்பாய், நானும் அழுதிருப்பேன், கடைசியில் ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. நீயாகவே ஒரு நாள், "புது வருஷ ஆராதனையில அட்டையில எப்டி வருதோ அப்டியே பண்றேம்மா. போன்னா போறேன், இருன்னா இருக்கேன்" என்று சொன்னாய். எவ்வளவு நல்ல பிள்ளை என்று சபையே மெச்சிக்கொண்டது.

அந்த அட்டைகளைத் தட்டில் அடுக்குகிற வேலை பெண்கள் சங்கத்தில் யாரிடம் இருந்தது என்று உனக்குத் தெரியும். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியம், கோயில் பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். இருக்கிற தேசத்திலேயே குடியிருக்கச் சொல்லும் வசனம் ஒன்று கிடைத்தது. அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மீதியைக் கவிழ்த்து அடுக்கினேன். மறுநாள் காலை ஆராதனையில் நீ கீபோர்டில் இருந்தாய். எல்லாரும் வரிசையில் போய்ப் பாஸ்டர் கையிலிருந்த தட்டிலிருந்து எடுக்கும் வரைக்கும் பாட்டு நிற்கக்கூடாது. "எனக்கும் சேத்து எடுத்துடும்மா" என்று நீ காலையிலேயே சொல்லியிருந்தாய். நான் போனேன். எனக்கு ஒன்று, உங்கப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று எடுத்தேன். தூண் பக்கம் வந்ததும் உனக்கு எடுத்த அட்டையைப் படிக்காமலே பைக்குள் போட்டுவிட்டு, முந்தின நாள் எடுத்து வைத்ததை உன் கீபோர்டு மேல் வைத்தேன்.

நீ ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் அதைத் திருப்பிப் பார்த்தாய். பாட்டில் ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அந்த விண்ணப்பத்தை நாலாக மடித்து, கோயிலில் ஆடிக்கொண்டிருந்த கீபோர்டு ஸ்டாண்டின் காலுக்கு முட்டுக் கொடுத்தாய். நீ பக்கத்தில் திண்டிவனத்திலேயே பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய். சனிக்கிழமைதோறும் கோயில் பெருக்கப் போகும்போது அந்தக் காகிதத்தை ஒதுக்காமல் சுற்றிப் பெருக்குவேன். உன் பெயரின் முதல் எழுத்து மட்டும் வெளியே தெரியும். புது ஸ்டாண்டு வாங்கும் வரைக்கும், ஐந்து வருஷம், அது அங்கேயே இருந்தது.

சொல்லிவிட்டேன். அன்று இரு என்று சொன்னது ஆண்டவர் இல்லை, நான். உன்னை ஏமாற்றினது நான். இதை இத்தனை நாள் சொல்லாததற்கு ஒரே காரணம், சொன்னால் நீ என்னை விடுவதோடு நிற்காமல் அவரையும் விட்டுவிடுவாயோ என்ற பயம். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. ஆனால் நீ இப்படி அட்டைக்கு அட்டை காத்துக்கொண்டு, ஒரு நல்ல பெண்ணைக் காயப்போட்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், நீ அவரை நம்புவதாக எனக்குத் தோன்றவில்லை. நான் கொடுத்த அந்த ஒரு அட்டையைத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய். என்னை நம்பாதே. அதற்குச் சம்மதம். என் பாவத்தைக் கொண்டுபோய் அவர் கணக்கில் எழுதாதே, அது மட்டும்தான் கேட்கிறேன்.

அவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆண்டவரே, ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் உமக்கு என்ன குறைந்துவிடும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். வழி காட்டுகிறேன் என்கிறார், ஆனால் வழி பிரிகிற இடத்தில் பலகை வைப்பதில்லை. கூட வருகிறேன் என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்குப் பலகை வேண்டியிருந்தது, அதனால் நானே எழுதி நட்டுக்கொண்டேன். கூட வருகிறவரைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. வழி தப்பினால்கூட அவர் கூட இருப்பார் என்று நம்புவதற்கு எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆயிற்று, அதற்கு உங்கப்பாவின் இரண்டு விரலும் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு உனக்கென்று எடுத்த அட்டை என்ன ஆனது என்று கேட்பாய். அதை நான் தூக்கிப் போடவில்லை. போடப் பயம். படிக்கவும் பயம். "போ" என்று இருந்துவிட்டால் நான் எப்படி உயிரோடு இருப்பேன். வேதத்தின் தோல் உறைக்குள் சொருகிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்திருக்கிறேன். பாஸ்டர் பாவ அறிக்கை என்று சொல்லும்போதெல்லாம் என் பெருவிரல் அந்த உறையின் மேல்தான் இருக்கும்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் உங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் அவருக்கும் இது தெரியாது. கோபம் வந்தது, பார்த்தேன், மருந்து டப்பாவை மூடின விதத்திலேயே தெரிந்தது. "புள்ளைக்குத்தான் நீ இத மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "அந்த அட்டைய எடு" என்றார். நான் மாட்டேன் என்றேன். அவரே எழுந்து வேதத்தை எடுத்து, உறையைக் கழற்றி, அட்டையை என் கையில் வைத்தார். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. திருப்பினேன்.

உன் கூடையையும் மாவு பிசைகிற தொட்டியையும் ஆசீர்வதிப்பதாக ஒரு வசனம். அவ்வளவுதான். கப்பலும் இல்லை, கடலும் இல்லை. போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. மாவு பிசைகிற தொட்டி.

உங்கப்பா எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இதுக்கா மே பன்னெண்டு வருஷம்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் திருடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார், ஜோயல். நீ கீபோர்டு மேல் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பாய், ஒன்றும் புரியாமல் விழித்திருப்பாய். வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா இது, தொட்டின்னு வந்திருக்கு" என்று கேட்டிருப்பாய். நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருப்போம். நான் பயப்படுகிறேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டி வந்திருக்கும். உனக்குக் கடல் ஏன் பிடிக்கிறது என்று நீ சொல்லியிருப்பாய், அதை நான் இன்று வரைக்கும் கேட்டதே இல்லை. நீ போயிருப்பாயா, இருந்திருப்பாயா, தெரியாது. ஆனால் நாம் பேசியிருப்போம். அவர் அதைத்தான் கொடுத்தார், நான் அதைத்தான் பிடுங்கிக்கொண்டேன். போன வருஷங்களை நான் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடு என்று எழுதக்கூட எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. அதில் மஸ்கட் இருக்கிறதா என்று தேடாதே, நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எஸ்தரைக் கட்டிக்கொள் என்று சொல்ல மாட்டேன், அவளை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை உனக்காக முடிவு செய்தது போதும். ஜெபம் பண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்ணி முடித்ததும் எழுந்திரு. சனிக்கிழமை காலையில் ரூமைப் பூட்டும்போது, யாரும் பார்க்கவில்லை என்றால், உங்கப்பா வாசலில் சொல்வதைச் சொல்லிப் பார். அப்புறம் எந்த பஸ் முதலில் வருகிறது என்று பார்க்காமல் வளவனூர் போகிற பஸ்ஸில் ஏறு. அவள் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல். தப்பாகப் போனாலும் போகட்டும், நீ சொன்னதாக இருக்கட்டும். நான் செய்ததை முதலில் அவளிடம் சொல்லிவிடு, இந்த வீட்டில் மாமியார் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு அவளும் ஒரு முடிவு எடுக்கட்டும்.

இவ்வளவு எழுதின பிறகும் எரிச்சல் முழுவதும் தீரவில்லை. ஆனால் கை கொஞ்சம் இளகியிருக்கிறது, இப்போது சொல்ல வருகிறது. ஸ்தோத்திரம், மகனே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டில் சப்பாத்தி. உங்கப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் எப்படியும் மாவு பிசையத்தான் போகிறேன். எத்தனை பேருக்குப் பிசைய வேண்டும் என்று சனிக்கிழமை சாயந்திரம் போன் பண்ணிச் சொல். அதை மட்டும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே.

அம்மா